கிராப்பிக்குக் காகித உதடு

அன்று காலை மட்டும் ஹார்லன் டக்கெட் ஏழு கிராப்பி மீன்களின் வாயைக் கிழித்திருந்தான். தக்கை தண்ணீருக்குள் போனதோ இல்லையோ, யாரோ ஒருத்தன் சட்டையைப் பிடித்து இழுக்கிற மாதிரி தூண்டிலைத் தோளுக்கு மேல் வெட்டி இழுப்பான். முள் மட்டும் வெளியே வரும். அதில் ஈரமாக ஒரு தோல் கிழிசல் தொங்கும். ஏழாவது தடவை ஆத்திரம் தாங்காமல் படகின் விளிம்பை ஓங்கிக் குத்தினான். குத்திய கையோடு கரையைத் திரும்பிப் பார்த்தான், யாராவது கவனித்திருப்பார்களோ என்று.

அவன் பயப்படக் காரணம் இருந்தது. டவுனில் வீடுகளுக்குக் கூரை போடுகிறவன் ஹார்லன். வயது நாற்பத்து மூன்று. ஒரு மதுக்கடையில் ஒருத்தனை வெறுங்கையால் அடித்து, தாடையை உடைத்து, ஒரு கண்ணையும் போக்கியவன். ஒன்பது வருஷத் தண்டனை. நாலு வருஷம் முடிந்ததும் நன்னடத்தை என்று வெளியே விட்டார்கள். மிச்சம் ஐந்து வருஷம் தலைக்கு மேல் தொங்குகிறது. யார் மேலாவது கை வைத்தால் போதும், அந்த ஐந்தும் இறங்கிவிடும். "உன் கைக்கு வேற வேலை குடுய்யா. போய் மீன் புடி. கோவக்காரனுக்கு நல்லது" என்று அவனுடைய நன்னடத்தை அதிகாரி சொல்லியிருந்தார். தூண்டிலைத் தொட்டுப் பார்க்காத ஆள் சொன்ன யோசனை அது. கிராப்பி பிடிக்கிறவர்கள் எவ்வளவு சாதுக்கள் என்று தெரிய வேண்டுமானால் மார்ச் மாதத்தில் எங்கள் ஹேக்கெட் ஏரிக்கரையில் ஒரு வாரம் நின்று பார்க்க வேண்டும்.

ஜெயிலைக்கூட ஹார்லன் தாங்கிவிடுவான். அவனால் தாங்க முடியாதது மகள் ரேலின். இப்போது பதின்மூன்று வயது, ஜோடி என்கிற அத்தையின் வீட்டில் வளர்கிறாள். கைதான மறுநாள் ஜெயில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, "அப்பா, நீ அடிச்சியா?" என்று கேட்டாள். "இல்ல கண்ணு, சத்தியமா இல்ல" என்றான். குழந்தை நம்பினாள். எங்கப்பா பொய் சொல்லமாட்டார் என்று பள்ளிக்கூடம் பூராவும் சொல்லித் திரிந்தாள். பிறகு கோர்ட்டில் மதுக்கடையின் கேமராப் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். அதற்கப்புறம் நாலு வருஷம் ஒரு கடிதம் கிடையாது, ஒரு போன் கிடையாது. இப்போதுதான், எவ்வளவோ கெஞ்சியபின், சனிக்கிழமை பதினோரு மணிக்கு ஏரிக்கு வருவதாக ஒத்துக்கொண்டிருந்தாள். சோளமாவில் புரட்டிப் பொரித்த கிராப்பி என்றால் அவளுக்கு உயிர். அதற்காகவாவது வருகிறாளே என்றிருந்தது அவனுக்கு.

"எத்தன கிழிச்ச?" என்று கேட்டாள் டெல்மா. ஏரிக்கரையில் இரை விற்கும் கடை அவளுடையது. பொடிமீன் தொட்டிகளுக்கு நடுவே ஒரு முக்காலியில் உட்கார்ந்து வாயால் ஊரை ஆள்கிறவள்.

"ஏழு."

"ஏழா! பாவம், எல்லாம் வாயில கைக்குட்டைய வெச்சிக்கிட்டு அலையும். ஏம்ப்பா, கிராப்பிக்கு உதடு காகிதம்னு உனக்கு எத்தன தடவ சொல்றது? தக்கை உள்ள போச்சா, ஒண்ணும் பண்ணாத. ஒரு மூச்சு இழுத்து விடு. அப்புறம் தூண்டில் நுனிய மெல்லத் தூக்கு. தூங்கற கொழந்தையக் கட்டில்லேர்ந்து தூக்கற மாதிரி."

"அதுக்குள்ள போயிருச்சுன்னா?"

"போனா போகட்டும், உங்கப்பன் வீட்டு மீனா? இன்னொண்ணு, எவ்ளோ ஆழத்துல போட்ட?"

"தரை வரைக்கும் விட்டேன்."

டெல்மா தலையில் அடித்துக்கொண்டாள். "அதுக்குக் கண்ணு மேல பாத்திருக்குய்யா. அதுக்குக் கீழ இரையத் தொங்கவிட்டா நாள் பூரா தவம் கெடக்க வேண்டியதுதான். தலைக்கு மேல ஒரு அடி தள்ளித் தொங்கணும். முள்ளும் இந்த மெல்லிசுக் கம்பி முள்ளா வாங்கிக்க. மரத்துல மாட்டுனா நிமிந்துகிட்டு வெளிய வந்துரும்."

"ஏரிக்குள்ள ஏது மரம்?"

அவள் கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "குளிர்காலத்துல அவனவன் சிடார் மரத்த வெட்டி, அடியில சிமெண்ட் கல்லக் கம்பியால கட்டி, தண்ணிக்குள்ள எறக்கிருவான். ரெண்டு வருஷத்துல கிராப்பியெல்லாம் அங்க குடிவந்துரும். மரம் இல்லாத எடத்துல தூண்டி போடறதும் வாளியில போடறதும் ஒண்ணு."

"எங்கெங்க எறக்கியிருக்காங்க?"

டெல்மா இருமல் வரும்வரை சிரித்தாள். "பேங்க் சாவியக் கேளு, குடுத்தாலும் குடுப்பான். மரம் கெடக்கற எடத்தக் கேக்காத. எம் புருஷன் சாகறப்ப எங்கிட்டயே சொல்லாமத்தான் செத்தான்."

புதன்கிழமை மத்தியானம் ஹார்லனின் முள் எதிலோ மாட்டியது. வெட்டி இழுக்காமல் மெல்லத் தூக்கினான். முள் நிமிர்ந்து வெளியே வந்தது, கூடவே கறுத்துப்போன ஒரு சிடார் குச்சியும். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. கயிற்றை ஒரு முழம் உயர்த்திக் கட்டி, பொடிமீனை மாட்டி இறக்கினான். தக்கை உள்ளே போயிற்று. மூச்சை இழுத்து விட்டான். தூக்கினான். உள்ளங்கையை விட அகலமாக, வெள்ளி மேல் கறுப்பு தெளித்த கிராப்பி ஒன்று உதடு கிழியாமல் படகுக்குள் வந்து விழுந்தது. அன்றைக்குப் பதினொன்று பிடித்தான். பிடித்த சந்தோஷத்தில் ஒரு காரியம் செய்தான். சனிக்கிழமை இடம் தவறிவிடக் கூடாதே என்று, காலியான வெள்ளைப் பிளாஸ்டிக் கேன் ஒன்றில் கயிறு கட்டி, கயிற்றின் நுனியில் செங்கல்லைக் கட்டி, அங்கேயே மிதக்க விட்டுவிட்டுப் போனான்.

இதைச் செய்யாதே என்று டெல்மா சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? வீட்டுச் சாவியை வாசலில் தொங்கவிட்டுப் போகாதே என்று யாராவது யாருக்காவது சொல்கிறார்களா? எங்கள் ஏரியில் மரம் வைத்திருக்கிறவன் காய்ந்த ஓக் மரத்தையும் தேவாலய கோபுரத்தையும் நேர்கோட்டில் வைத்து இடத்தைத் தலைக்குள் வைத்துக்கொள்வான். வேறு படகு வந்தால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு, ஒன்றும் கிடைக்காதவன் போல முகத்தை வைத்துக்கொண்டு நகர்ந்துவிடுவான். ஹார்லனோ ஒரு மைல் தூரத்துக்குத் தெரிகிற மாதிரி வெள்ளைக் கொடி நட்டுவிட்டான். வியாழக்கிழமை விடிந்தபோது கேனைச் சுற்றி ஐந்து படகுகள் நின்றன. வெள்ளிக்கிழமை ஒன்பது. பெட்டி பெட்டியாக வாரிக்கொண்டு போனார்கள்.

அந்த மரங்கள் ராய்ஸ் மேக்கனுடையவை. மரலாரி ஓட்டுகிறவன், ஐம்பது வயது, கதவை அடைத்து நிற்கிற உடம்பு. பதினாலு வருஷமாக ஒவ்வொரு ஜனவரியும் தனியாளாக மரம் வெட்டி இழுத்துவந்து அந்த இடத்தில் இறக்கியவன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் படகு இறக்கும் சரிவில் அவன் ஹார்லனுக்காகக் காத்திருந்தான், கையில் துடுப்போடு.

"கேன் உன்னுதா?"

"ஆமாங்க. அது உங்க..."

துடுப்பின் தட்டைப் பக்கம் ஹார்லனின் இடது காதில் இறங்கியது. சத்தம் டெல்மாவின் கடை வரை கேட்டது. ஹார்லன் முட்டி போட்டு விழுந்தான். காதிலிருந்து ரத்தம் கழுத்துக்குள் ஓடியது. எழுந்தபோது அவனுடைய இரண்டு கைகளும் கால்சட்டைப் பைக்குள் இருந்தன. தானாக மூடிக்கொண்ட முஷ்டிகளை அவனே உள்ளே திணித்திருந்தான்.

"எடுடா கைய வெளிய" என்றான் ராய்ஸ். "பெரிய சண்டியராமே நீ? ஒருத்தன் கண்ணையே நோண்டினியாமே? எடு, பாப்போம்."

"தெரியாம செஞ்சிட்டேங்க."

"பதினாலு வருஷம்டா! எம் முதுகு ஒடஞ்சிருக்கு இதுல." பூட்ஸ் காலால் விலாவில் உதைத்தான். ஹார்லன் சிமெண்ட்டில் முகம் தேய விழுந்தான். "அடிடா. ஒரே ஒரு அடி அடி. போன் பண்றேன், வந்து கூட்டிட்டுப் போயிருவாங்க." இன்னொரு உதை. பொடிமீன் வாளியைத் தூக்கி அவன் தலையில் கவிழ்த்தான். பொடிமீன்கள் ரத்தத்தில் துள்ளின. கேனைச் சுற்றி நின்று மீன் வாரியவர்களில் இரண்டு பேர் அங்கேயே இருந்தார்கள். தங்கள் பூட்ஸ் கயிற்றை ரொம்பக் கவனமாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள், வெட்கங்கெட்டவர்கள்.

டெல்மா பனிக்கட்டியைத் துணியில் சுற்றி அவன் காதில் வைத்தாள். "போலீஸ்ல சொல்லு."

"சொன்னா எம் பேரு பேப்பர்ல ஏறும். அவன்தான் மொதல்ல அடிச்சான்னா எந்த ஆபீசர் நம்புவான்? எம் மூஞ்சியப் பாத்தா எவன் நம்புவான், டெல்மா?"

"அப்ப நாளைக்கு ஏரிப் பக்கம் வராத."

"நாளைக்கு ரேலின் வரா."

சனிக்கிழமை பத்து மணிக்கு அவன் படகை இறக்கினான். மகள் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. மீன் பிடிக்கப் போகவில்லை, கேனை எடுக்கப் போனான். மன்னிப்புக் கேட்கிற வார்த்தைகள் அவனுக்கு வராது. கேனை எடுத்துவிட்டால் ராய்ஸ் புரிந்துகொள்வான் என்று நினைத்தான். முந்தின இரவு அடித்த குளிர்காற்றில் வேறு படகுகள் வந்திருக்கவில்லை. கயிற்றைப் பிடித்து அவன் செங்கல்லை இழுத்துக்கொண்டிருந்தபோது எதிர்க்கரையில் மோட்டார் உறுமியது.

ராய்ஸ் வேகத்தைக் குறைக்கவே இல்லை. அவனுடைய கனத்த படகு ஹார்லனின் தட்டைப் படகை நடுவிலாவில் மோதியது. அலுமினியம் கிழிந்தது. ஹார்லன் எகிறிப் பலகையில் விழுந்தான், வாய்க்குள் பல் உடைந்தது. எழுவதற்குள் ராய்ஸ் தன் படகின் முன்பக்கம் வந்து நின்றிருந்தான். துடுப்பு ஹார்லனின் தோளில் விழுந்தது, முதுகில் விழுந்தது. விளிம்பைப் பிடித்திருந்த இடது கை மேல் விழுந்தபோது இரண்டு விரல்கள் ஒடிகிற சத்தம் அவனுக்கே கேட்டது.

"மறுபடியும் வந்துட்டியா? மறுபடியும்?"

"கேன எடுக்கத்தான் வந்தேன்! கேன எடுக்கத்தான்யா!"

வலது கையால் இருக்கைப் பலகையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். விட்டால் அது என்ன செய்யும் என்று அவனுக்குத் தெரியும். பதிமூணும் அஞ்சும் பதினெட்டு, பதிமூணும் அஞ்சும் பதினெட்டு என்று வாய்விட்டே சொன்னான். பெண் பதினெட்டு வயசுக்காரியாகி முகம் தெரியாமல் போய்விடுவாள். ராய்ஸ் துடுப்பைத் தலைக்கு மேல் இரண்டு கையாலும் ஓங்கினான். அடி மண்டையில் விழுந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் ஓங்கிய வேகத்தில் இரண்டு படகுகளும் விலகின. ராய்ஸ் நடுவே தண்ணீருக்குள் விழுந்தான்.

பஞ்சு வைத்த கனத்த உடுப்பு, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். ஒரு தடவை தலை மேலே வந்தது, வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. பிறகு கீழே போனான். அப்புறம் வரவில்லை. குமிழிகள் மட்டும் வந்தன.

ஹார்லன் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று குமிழி வரும் நேரம் இருக்கும். தொடாதே என்று சட்டமே சொல்லியிருக்கிறது. தொடாமல் இருந்தால் ஒருத்தரும் ஒன்றும் கேட்க முடியாது. அப்படி நினைத்ததற்கு அவனுக்கே அருவருப்பாக இருந்தது. பூட்ஸை உதறிவிட்டுக் குதித்தான்.

தண்ணீர் நெஞ்சை அறைந்தது. ஒன்றரை ஆள் ஆழம், கலங்கல், கண் தெரியவில்லை. சிடார் கிளைகள் முகத்தைக் கிழித்தன. கை ராய்ஸின் காலில் பட்டது. கல்லைக் கட்டியிருந்த கம்பி பூட்ஸைச் சுற்றி இறுகியிருந்தது. ராய்ஸே முறுக்கிய கம்பி. ஒடிந்த விரல்களோடு ஹார்லன் பூட்ஸைப் பிடித்து இழுத்தான். கால் பூட்ஸைவிட்டு உருவிக்கொண்டு வந்தது. அந்த நொடியே ராய்ஸ் அவன் கழுத்தைப் பிடித்துக்கொண்டான். இரண்டு கையாலும் பிடித்து, அவனைக் கீழே அமுக்கி, அவன் மேல் ஏறப் பார்த்தான். இரண்டு பேரும் மரத்துக்குள் இறங்கினார்கள். ஹார்லனின் வாய்க்குள் சேறு போயிற்று.

அடித்தான். வலது முஷ்டி ராய்ஸின் பல்லில் போய் இடித்தது. கழுத்துப் பிடி தளர்ந்தது. இன்னொரு தடவை அடித்தான். தாடை விலகியது கைக்குத் தெரிந்தது. ராய்ஸ் துணி மாதிரித் துவண்டான். சட்டைக் காலரைப் பிடித்து மேலே கொண்டுவந்து, கிழிந்த படகின் விளிம்பை ஒரு கையால் பற்றி, காலை உதைத்து உதைத்துக் கரைக்கு இழுத்தான். ராய்ஸைக் கவிழ்த்துப் போட்டு முதுகில் அறைந்தான். ஏரித் தண்ணீர் வாயிலிருந்து கொட்டியது. ராய்ஸ் இருமினான், இருமலோடு முனகினான். தாடை ஒரு பக்கமாகத் தொங்கியது.

மோதல் சத்தம் கேட்டதுமே டெல்மா போன் செய்திருந்தாள். முதலில் ஆம்புலன்ஸ் வந்தது. பின்னாலேயே ஷெரீப் ஆபீசின் போலீஸ் வண்டி, அதிலிருந்து டெபுடி ஒருவர் இறங்கினார். அதற்குப் பின்னால் ஜோடி அத்தையின் கார். காரிலிருந்து ரேலின் இறங்கினாள். நாலு வருஷத்தில் நெடுநெடுவென்று வளர்ந்திருந்தாள். கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஈரத்தில் நடுங்குகிற அப்பனை அவள் பத்தடி தள்ளி நின்று பார்த்தாள்.

டெபுடிக்கு ஹார்லன் யார் என்று தெரியும். "என்னய்யா நடந்துச்சு?" என்று அவர் ராய்ஸிடம் கேட்டார். ராய்ஸால் பேச முடியவில்லை. நோட்டையும் பேனாவையும் கொடுத்தார். ஸ்ட்ரெச்சரில் சாய்ந்தபடியே ராய்ஸ் ஹார்லனைப் பார்த்தான், ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு எழுதினான். டெபுடி உரக்கப் படித்தார்.

"நானாத்தான் விழுந்தேன். மோட்டார் தாடையில இடிச்சிருச்சு. இவன்தான் தூக்கினான்."

டெல்மா பெருமூச்சு விட்டாள். ராய்ஸ் மேக்கன் இத்தனை வருஷத்தில் யாருக்கும் ஒரு புழு கொடுத்ததில்லை. டெபுடி ஹார்லனின் வலது கையைப் பார்த்தார். விரல் முட்டிகளில் பல் பதிந்த காயம்.

"கம்பி கிழிச்சிருக்கும்" என்றாள் டெல்மா அவசரமாக.

"கம்பியாத்தான் இருக்கும்" என்றார் டெபுடி. நோட்டை மூடிப் பைக்குள் வைத்தார். அவ்வளவுதான், முடிந்தது.

ரேலின் பக்கத்தில் வந்தாள். அவளும் அந்தக் கையைத்தான் பார்த்தாள்.

"அப்பா, மோட்டாரா?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்ட அதே குரல், கொஞ்சம் தடித்திருந்தது. டெபுடி மூன்றடி தூரத்தில் நின்றார். அவருக்குப் பின்னால் டெல்மா, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். ராய்ஸ் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். தலையை ஒரு ஆட்டு ஆட்டினால் போதும். வாழ்நாளில் எந்த அடிக்கும் ஹார்லன் இவ்வளவு பயந்ததில்லை.

"இல்ல கண்ணு. நான்தான் அடிச்சேன். ரெண்டு தடவ."

"ஹார்லன்" என்றார் டெபுடி, கிட்டத்தட்டக் கெஞ்சுகிற குரலில். "உன்ன நான் கேக்கவே இல்லையேய்யா."

"அவ கேட்டா."

"எதுக்கு அடிச்ச?" என்றாள் ரேலின்.

"எங் கழுத்தப் புடிச்சு அமுக்கினாரு. அடிக்கலன்னா ரெண்டு பேரும் அங்கயே போயிருப்போம்."

"கோவத்துல அடிக்கலையா?"

ஹார்லன் யோசித்தான். உடைந்த பல்லை நாக்கால் தடவியபடி நிஜமாகவே யோசித்தான்.

"மொத அடி கோவமில்ல. ரெண்டாவது... கோவம்தான். அது தேவப்பட்டிருக்காது."

டெபுடி நோட்டைத் திரும்ப வெளியே எடுத்தார், எடுத்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டவர் மாதிரி இருந்தது முகம். நின்றபடியே எழுதினார். பிறகு வண்டியின் பின்கதவைத் திறந்தார். விலங்கு போடவில்லை, விரல்கள் வீங்கிக் கிடந்தன. ஹார்லன் ஏறி உட்கார்ந்தான்.

அந்தப் பக்கத்துக் கதவு திறந்தது. ரேலின் ஏறி உட்கார்ந்து பெல்ட்டை இழுத்து மாட்டினாள்.

"ஏம்மா, இது டாக்சி இல்ல. எறங்கு" என்றார் டெபுடி.

"ரேலின்! எங்கடி போற?" என்று ஜோடி கத்தினாள்.

அவள் பெல்ட்டைவிட்டுக் கையை எடுக்கவில்லை. டெபுடி கதவைப் பிடித்தபடி சற்று நேரம் நின்றார். பிறகு மெதுவாகச் சாத்தினார். வண்டி கிளம்பி ஏரி கண்ணுக்கு மறையும்வரை ரேலின் ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் திரும்பி, கறுத்து வீங்கியிருந்த அவன் காதைப் பார்த்தாள்.

"ரொம்ப வலிக்குதா?"

"ஆமா" என்றான் ஹார்லன்.